லாலோ ஏற்ற மறுத்த டிராக்டர்

எங்கள் ஊர் பாசோ ஓந்தோவில் லாரி வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். டிராக்டர் ஏற்றுகிற தாழ்வான டிரெய்லர் லாலோவிடம் மட்டும்தான் இருந்தது. லாதிஸ்லாவோ பின்தோஸ் என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பாதிரியாரையும் போலீஸ்காரரையும் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நெல் விதைப்புக்கு முன்னால் கொஞ்சமும், அறுவடைக் காலத்தில் ஓயாமலும், செபொஷாத்தி ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு டிராக்டர்கள் போய் வந்துகொண்டிருக்கும். எல்லாம் அவன் முதுகில்தான்.

என் பஞ்சர் கடை நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடத்தில் இருந்தது. அவன் எந்தப் பக்கம் போனாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆள் தேவைப்பட்டால் ஹாரன் அடித்து "தோமே!" என்று கூப்பிடுவான். நான் கடையைச் சாத்திவிட்டு ஏறிக்கொள்வேன். டிராக்டர் ஏறும்போதும் இறங்கும்போதும் எதிரே தள்ளி நின்று கை காட்டுவது என் வேலை.

அவனோடு வேலைக்குப் போவது பொறுமைக்கு வைத்த பரீட்சை. போய்ச் சேர்ந்ததும் லாரியை விட்டு இறங்கி முதலில் தரையைப் பார்ப்பான். மேடு பள்ளமில்லாமல், கெட்டியாக, நேராக இருக்கிற இடம் கிடைக்கும்வரை பண்ணையையே ஒரு சுற்று சுற்றிவிடுவான். அப்புறம் கைப்பிரேக், சக்கரங்களுக்குக் கட்டை, டிரெய்லரின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளாமலிருக்க முட்டுக்கால். சாய்வுப் பலகைகளை இறக்கி, டிராக்டரின் டயர் அகலத்துக்குச் சரியாக நகர்த்தி, அதில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கரண்டியால் சுரண்டுவான். டிராக்டர் டயரில் சேறு இருந்தால் அதையும் சுரண்டவேண்டும். பின்சக்கரங்களின் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு ஒன்றாகப் பிணைப்பான். ஒருபக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் பலகையை விட்டுத் திரும்பிவிடும். "பக்கத்துல யாரும் நிக்கக்கூடாது, நாய்கூட" என்பான். மிகக் குறைந்த கியரில் ஏற ஆரம்பித்தால் கிளட்சைத் தொடமாட்டான், நடுவில் கியர் மாற்றமாட்டான். மேலே போய் எஞ்சினை அணைத்தபிறகு நான்கு மூலைக்கும் சங்கிலி. கொஞ்ச தூரம் போனதும் லாரியை நிறுத்தி அந்தச் சங்கிலிகளை மறுபடி இறுக்குவான்.

பண்ணைக்காரர்கள் வேலியில் சாய்ந்துகொண்டு கேலி பேசுவார்கள். "ஜெபம் முடிஞ்சுதா பாதிரியாரே? சீக்கிரம் ஆகட்டும், எங்களுக்கும் பசிக்குது!" அவன் காதில் வாங்கிக்கொள்ள மாட்டான்.

இத்தனைக்கும் அவன் பயந்த ஆள் இல்லை. சீட்டாட்டத்தில் கையில் ஒன்றும் இல்லாமலே சத்தம் போட்டு எதிராளியை மிரட்டுவான். பாதி பழகாத குதிரையில் ஏறி விழுந்து தோள்பட்டை விலகிப்போனவன். டிரெய்லரின் பின்கதவைத் திறந்தால் மட்டும் வேறு மனிதனாகிவிடுவான். காரணம் கேட்டதற்கு, "குதிரைக்கு என்னைப் பிடிக்கலேன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிடும். இது என் மேலேயே படுத்துக்கும்" என்றான்.

அவன் மனைவி எலிதா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்வது பாதி உண்மைதான். எலிதாவின் தாய் இறந்தபோது அவள் தம்பி ஒலேகாரியோ மூக்கு ஒழுகும் பையன். கல்யாணமாகி வரும்போது ஒரு கையில் துணிப்பெட்டியும் மறுகையில் அவனுமாகத்தான் அவள் லாலோ வீட்டுக்குள் நுழைந்தாள். ஒலேவுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது லாலோ. முதல்முதலாகக் குடித்துவிட்டு வந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றியதும் லாலோதான்.

ஒலே வளர்ந்து ஸுல்மாவைக் கட்டிக்கொண்டு, குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போட்டான். வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். கூரையும் இல்லாத, கவிழ்ந்தால் தாங்குகிற கம்பியும் இல்லாத பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, கதவுக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டைப் பூசினான். அதில் உட்கார்ந்து என் கடையைத் தாண்டிப் போகும்போது தொப்பியைக் கழற்றி பெரிய மனிதர்களைப்போலக் குனிந்து வணக்கம் சொல்வான். சிரிக்காமல் இருக்க முடியாது.

அந்த வருஷம் அறுவடை மாதமான ஏப்ரலில் மழை விடவே இல்லை. நெற்பயிர் கதிரோடு சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. ஒருநாள் காலையில் வானம் கொஞ்சம் வெளுத்தது. மறுநாள் அறுவடை இயந்திரம் ஒலேவின் வயலுக்கு வருவதாக ஏற்பாடு. இயந்திரம் கொட்டுகிற நெல்லை வண்டியில் இழுக்க டிராக்டர் அக்கரையில் இருந்தாகவேண்டும். சாலைவழியே ஓட்டிப்போனால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும், பாலத்தருகே போலீஸும் விடாது. ஒலே வந்து கூப்பிட்டான். லாலோ என் கடை முன்னால் ஹாரன் அடித்தான்.

ஒலேவின் முற்றம் முழுக்கக் களிமண். லாலோ இறங்கி நடந்தான். ஒவ்வோர் இடத்திலும் குதிகாலை ஊன்றி அழுத்திப் பார்த்தான். பூட்ஸ் கணுக்கால்வரை இறங்கியது.

"என்ன மச்சான், மிதிச்சு மிதிச்சுப் பாக்கறே? டான்ஸ் ஆடப் போறியா?" என்றான் ஒலே.

"தரை தாங்காதுடா."

"போன வருஷமும் இதே தரைதான்."

"போன வருஷம் மழை இல்ல. லாரி நிக்கற இடமே சாயுது பாரு. பலகையில சேறு ஏறிட்டா டயர் பிடிக்காது. வழுக்கினா எந்தப் பக்கம் விழும்னு எனக்குத் தெரியாது."

"விழுந்தா எனக்கென்ன? ஓட்டப் போறது நீதானே!"

லாலோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸுல்மா மழை நாளுக்குப் பொரிக்கிற மாவு ரொட்டியை ஒரு தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். "சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க, ஆறிடும்" என்றாள். நின்றபடியே தின்றோம். தின்று முடித்ததும் லாலோ விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"இன்னைக்கு வேணாம். ரெண்டு நாள் காயட்டும், நானே வந்து ஏத்தறேன்."

ஒலேவின் முகம் மாறியது. "ரெண்டு நாள்ல நெல்லு வயல்லயே முளைச்சிடும் லாலோ. படுத்துக் கெடக்குது. மெஷின்காரன் நாளைக்கு விட்டா அப்புறம் வரமாட்டான்."

"மெஷின்காரன்கிட்ட நான் பேசறேன்."

"நீ பேசி? அவன் உன்னைப் பாத்தாலே சிரிப்பான். ஊரே சிரிக்குது. ஒரு டிராக்டர் ஏத்த தரையெல்லாம் முத்தம் குடுத்துட்டு அலையறான்னு."

"சிரிக்கட்டும். நான் ஏத்தமாட்டேன்."

"போ, அப்போ. வீட்ல போய் எங்கக்காவுக்கு வெங்காயம் நறுக்கிக் குடு."

லாலோ லாரியில் ஏறினான். நான் முன்னால் நடந்துபோய் வாசல் கம்பிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி கதவருகே வந்து நின்றது. அவன் பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தான். ஒலேவிடம் திரும்பிப் போகப்போகிறான் என்று நினைத்தேன். போகவில்லை. கியரைப் போட்டான்.

அப்புறம் நடந்ததை ஸுல்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒலே பக்கத்துப் பண்ணையிலிருந்து வைக்கோல் ஏற்றும் டிரெய்லரை லாரியோடு கேட்டு வாங்கிவந்தான். மாட்டுத் தொழுவத்திலிருந்து இரண்டு கனத்த மரப்பலகைகளைப் பிடுங்கிச் சாய்த்தான். "வேணாம்னு அவர் சொன்னாரே" என்று ஸுல்மா சொன்னதற்கு, "அவனுக்கு வயசாயிடுச்சு" என்று சிரித்தான். முகம் முன்னால் பார்க்க நேராக ஏறினான். முன்சக்கரம் பலகையில் ஏறிவிட்டது. பின்சக்கரம் சேற்றில் சுழன்றது. அவன் இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தான். அடியில் எங்கோ கெட்டியாகப் பிடி கிடைத்ததும் டிராக்டரின் முன்பக்கம் குதிரைபோல எழுந்து, அப்படியே பின்பக்கமாக அவன்மேல் கவிழ்ந்தது. கூப்பிடக்கூட அவனுக்கு நேரம் இல்லை. ஸுல்மா கையில் ரொட்டித் தட்டோடு நெடுஞ்சாலைவரை ஓடியிருக்கிறாள். தட்டைப் பிடித்திருந்தது தனக்குத் தெரியவே இல்லை என்றாள்.

சவப்பெட்டியை எலிதா தன் வீட்டுக்கூடத்தில்தான் வைக்கச் சொன்னாள். "அவன் வளர்ந்த வீடு இது" என்றாள். ஊர் முழுக்க வந்தது. ஆண்கள் வெளியே தாழ்வாரத்தில், பெண்கள் உள்ளே சுவரோரமாக. லாலோ பெட்டியின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். யார் நாற்காலி போட்டாலும் உட்காரவில்லை. எலிதா தலைமாட்டில் உட்கார்ந்து தம்பியின் தலைமுடியை விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று கை நின்றது. நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"அவன் தானாவே ஏத்திக்குவான்னு உனக்குத் தோணலியா?"

குரல் உயரவில்லை. நான் வாசல்படியில் நின்றிருந்தேன். 'தோணலைன்னு சொல்லுடா' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தோணுச்சு" என்றான் லாலோ.

"தோணியும் வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

அவள் மறுபடி தம்பியின் தலைமுடிமேல் கையை வைத்தாள்.

அந்த வீட்டில் அப்புறம் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அவள் சமைத்தாள், துவைத்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் காலை லாரியின் டயரைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து மாத்தே இலைக் கஷாயத்தைக் குடுவையில் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தான். உள்ளே எட்டிப்பார்த்தால் அவள் அடுப்பங்கரையில் தனியாக வேறொரு குடுவையில் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சுவதுதான் வழக்கம். ஒரு வீட்டில் இரண்டு குடுவை இருந்தால் அந்த வீட்டைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

கேலி பேசின வாய்களெல்லாம் இப்போது அவனுக்குப் பரிந்து பேசின. "நீ செஞ்சதுதான் சரி லாலோ. அந்தப் பையன்தான் கேக்கல" என்று சாராயக்கடையில் யாராவது ஆரம்பித்தால் அவன் பாதி குடித்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்துபோய்விடுவான். தப்பு என்று சொன்னவர்களிடம் உட்கார்ந்திருப்பான். எனக்கு அது விளங்க நெடுநாள் ஆயிற்று.

ஜூன், ஜூலைக் குளிர்காலம் போனது. நிமிர்த்திவைத்த டிராக்டர் ஒலேவின் முற்றத்தில் அப்படியே நின்றது. ஸ்டியரிங் வளைந்து, புகைக்குழாய் நசுங்கிப்போயிருந்தது. ஸுல்மா நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலோ நகரத்தில் இருக்கும் தன் அக்காவிடம் போவதாக முடிவு செய்தாள். டிராக்டரை லாஸ்கானோ ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஏற்றிக்கொண்டுபோக ஆள் வேண்டும். ஸுல்மா நேராக லாலோ வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"வேற யார் தொட்டாலும் என்னால தாங்க முடியாது. நீங்களே வாங்க."

லாலோ தலையசைத்தான். உள்ளேயிருந்து எலிதாவின் குரல் வந்தது: "நானும் வரேன்."

வசந்தகாலத்து நல்ல வெயில். அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள். ஒலேவின் முற்றம் வெடிப்பு விட்டுக் காய்ந்திருந்தது. ஆனாலும் லாலோ இறங்கி நடந்து குதிகாலால் மிதித்துப் பார்த்தான். ஸுல்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எலிதா என்னருகில் நின்றாள்.

"இன்னும் தள்ளி நில்லு" என்றான் லாலோ. தள்ளி நின்றாள். "இன்னும்." அவள் வேலியோரமாகப் போய் நின்றாள்.

அவன் கட்டை வைத்தான், முட்டுக்கால் இறக்கினான், பலகையைச் சுரண்டினான். டிராக்டரின் பின்பக்கத்தை டிரெய்லருக்குக் காட்டித் திருப்பி நிறுத்தினான். பழைய டிராக்டர்களுக்குக் கனமெல்லாம் பின்னால்தான். முன்னால் பார்த்து ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். பின்பக்கமாக ஏறினால் கனம் மேலேயே இருக்கும், கவிழாது. வளைந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தபடி, நடக்கிற மனிதனைவிட மெதுவாக ஏற்றினான். நான் கை காட்டினேன். எஞ்சின் அணைந்தது. சங்கிலி மாட்டி இறுக்கினான்.

எலிதா வேலியை விட்டு மெல்ல நடந்து வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இவ்வளவுதானா?"

"தரை காஞ்சிருக்குல்ல" என்றான் அவன்.

"இவ்வளவுதானா?" என்று அவள் மறுபடி கேட்டாள். இந்தமுறை அது அவனிடம் கேட்டதாகத் தெரியவில்லை. டிரெய்லரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை அதன்மேல் சாய்த்து அழ ஆரம்பித்தாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. லாலோ கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு போய் அவள் முதுகில் கை வைத்தான். அவள் அந்தக் கையைத் தள்ளவும் இல்லை, அதில் சாயவும் இல்லை.

போகும் வழியில் அவளே பேசினாள். சாலையைப் பார்த்துக்கொண்டே.

"அன்னைக்குத் தோணலைன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ கேட்டே."

நான் ஜன்னல்பக்கம் திரும்பி, பசுக்களைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

டிராக்டரை வாங்கியவர் பெயர் ஃபெர்மின். சின்ன வயசு, உற்சாகமான ஆள். லாரி நின்றதுமே டிரெய்லரில் தாவி ஏறி சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாசல் பள்ளமாகச் சரிந்து ஓடியது. மாட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து நனைந்தும் கிடந்தது.

"இங்க வேணாம். ரோட்டோரமா சமதரை இருக்கு, அங்க இறக்கலாம்" என்றான் லாலோ. "நீங்க இறங்குங்க, நான் இறக்கித் தரேன்."

"அட பெரியவரே, என் டிராக்டரு, என் வாசலு. நான் பொறந்ததுலேருந்து ஓட்டறேன். நீங்க பலகையை மட்டும் போடுங்க."

"போடமாட்டேன்."

"போடலேன்னா? நீங்க போயிட்டு வாங்க, நான் தம்பிமாரைக் கூப்பிட்டு இறக்கிக்கறேன்."

லாலோ டிரெய்லரின் பின்னால், பலகை இறங்கவேண்டிய இடத்தில், ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் போகப்போறதில்ல. சாயங்காலம் ஆனாலும் சரி, நாளைக்கு ஆனாலும் சரி. இங்கதான் இருப்பேன்."

ஃபெர்மின் முதலில் சிரித்தார், அப்புறம் திட்டினார், அப்புறம் என்னைப் பார்த்து "இவருக்கு என்னய்யா ஆச்சு?" என்றார். எலிதா லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் அவர் அலுத்துப்போய் இறங்கினார். சமதரைக்குப் போனோம். லாலோவே டிராக்டரை மெல்ல முன்னால் பார்த்து இறக்கிக் கொடுத்தான். ஃபெர்மின் மனசு ஆறி, ஒரு பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றி எலிதாவிடம் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு அன்று உள்ளூர ஒரு சந்தோஷம். அவள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டாள், இனிமேல் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நெடுஞ்சாலையில் ஏறி வெகுதூரம் வந்தபிறகு அவள் மடியிலிருந்த துணிப்பொட்டலத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கும் இப்படி உக்காந்திருக்கலாம்ல."

காலியான டிரெய்லர் பின்னால் தடதடவென்று வந்துகொண்டிருந்தது.

"உக்காந்திருக்கலாம்" என்றான் லாலோ.

அதற்கடுத்த குளிர்காலம் வருவதற்குள் எலிதா மேலோவுக்குப் போய்விட்டாள். ஸுல்மாவுக்குத் துணை வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போனதாக யாரும் சொல்ல முடியாது. போவதற்கு முன் அவன் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்துவிட்டு, தோட்டத்துப் பூசணியைப் பறித்து அடுக்கிவைத்துவிட்டுத்தான் போனாள். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது.

லாலோ வேலையை விடவில்லை. ஆனால் தரை சரியில்லை என்று ஏற்ற மறுத்தால் முன்போலத் திரும்பி வரமாட்டான். அந்தப் பண்ணையிலேயே லாரிக்குள் படுத்துக் கிடப்பான், தரை காய்கிறவரை. சிலர் சாப்பாடு கொடுத்தார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக, புதிதாக டிரெய்லர் வாங்கிய வேறோர் ஆளிடம் போனார்கள். அவன் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விறகும் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றிக்கொண்டு மேலோவுக்குப் போவான். மாலையில் திரும்பும்போது என் கடை முன்னால் நிறுத்துவான். எஞ்சினை அணைக்கமாட்டான்.

"எப்படி இருக்காங்க?" என்று கேட்பேன்.

"நல்லா இருக்காங்க, தோமே. சாப்பாடு போட்டாங்க" என்பான்.

கொஞ்சநேரம் அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போவான்.